ராஜா வீட்டுப் பொடிச் சீசா

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் நான் கனடா போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. நான்கு தமிழ் டைப்ரைட்டர்களுக்கு வைத்தியம் பார்க்க. டொரண்டோவில் குடியேறியிருந்த இலங்கைத் தமிழர்கள் சிலர் சங்கம் அமைத்து, மாதப் பத்திரிகை ஒன்று கொண்டுவர ஆசைப்பட்டு, சென்னையிலிருந்து அந்த இயந்திரங்களைக் கப்பலில் வரவழைத்திருந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது ஒன்றில் 'க' இறங்கினால் ஏற மறுத்தது. இன்னொன்றில் கொம்பு போடும் விசையையே காணோம். விற்ற கடையின் மெக்கானிக் நான். ஆளையும் அனுப்புங்கள் என்று அவர்கள் எழுத, முதலாளி என்னை அனுப்பி வைத்தார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூக்குப்பொடி. காலையில் ஒரு சிட்டிகை ஏறினால்தான் இந்தப் பூபதிக்கு ஸ்குரூவின் தலை எது, வால் எது என்று தெரியும். பயணத்துக்கென்று தகர டப்பா நிறையப் பொடி வாங்கி வைத்திருந்தேன். கடலுக்கு மேலே, விமானத்தில் ரொட்டி கொடுத்துவிட்டுப் போன நேரத்தில் டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தேன். உச்சந்தலை வரை நெருப்பு. பக்கத்து இருக்கைக்காரர் பயந்து மணியை அழுத்தினார்.

அது பொடி அல்ல, சுக்குத்தூள். என் மனைவி சரஸ்வதியின் கைங்கரியம். கனடாவில் தும்மினால் நோயாளி என்று அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் சொல்லியிருக்கிறார். அவர் திருப்பதிக்கு மேற்கே போனதில்லை. அவர் பேச்சை நம்பி, இருபது வருஷம் குடும்பம் நடத்திய புருஷனுடைய டப்பாவில் அவள் கை வைத்துவிட்டாள்.

என்னை வீட்டில் தங்க வைத்தவர் சிவராசா. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மிசிசாகா பக்கம், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையல் கூடம் ஒன்றில் வேலை. வெக்ஸ்போர்ட்டில் ஏழாவது மாடி வீடு. கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் நான்கு டைப்ரைட்டர்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

அவர் மனைவி பவளம் புட்டு அவித்திருந்தார். தேங்காய் கிடைக்காததால் பொட்டலத்தில் வரும் உலர்ந்த துருவல்தான். வெந்நீரில் ஊறப் போட்டுப் பிழிந்து சேர்த்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் பேட்டை ஓட்டல்கள் எதிலும் அப்படியொரு புட்டை நான் சாப்பிட்டதில்லை. ஆனாலும் என் முகம் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"என்னண்ணை, சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்றார் சிவராசா.

பொடிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ஒரு டைப்ரைட்டர் மணி அடித்தது.

"மூக்குத்தூளோ! உதை இஞ்ச ஆரண்ணை போடுகினம்? வந்து மூண்டு வருசம், ஒருத்தரும் மூக்குத்தூள் போட்டு நான் காணேல்லை."

"சைனாக் கடையளிலை இல்லாத சாமான் இல்லை," என்றார் பவளம் அடுப்படியிலிருந்து. "அங்கை போய்க் கேட்டுப் பாருங்கோ அண்ணை. எனக்கு முருங்கைக்காய் அம்பிட்டதும் அங்கைதான்."

மறுநாள் புதன்கிழமை. முதல் இயந்திரத்தின் 'க'வுக்கு எண்ணெய் விட்டு ஊற வைத்துவிட்டுக் கிளம்பினேன். பஸ், பிறகு பாதாள ரயில், பிறகு டிராம். டிராமைப் பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் நான் சிறுவனாக இருந்தபோதே அதைத் தண்டவாளத்தோடு பிடுங்கி எறிந்துவிட்டார்கள். இங்கே ராஜாவாக நடுத்தெருவில் போகிறது, கார்கள் ஒதுங்கி நிற்கின்றன.

இறங்க வேண்டிய சைனாக் கடைத் தெரு வந்தது. பின் கதவருகே போய் மரியாதையாக நின்றேன். கதவு திறக்கவில்லை. டிராம் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்திலும் நின்றேன். அங்கேயும் அதே கதை. டிரைவருக்கு என்மேல் என்ன கோபம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவர், "ஐயா, படியில் காலை வையுங்கள், கதவு தானே திறக்கும்," என்றார். வைத்தேன், திறந்தது. நம் ஊரில் கதவே இல்லாத பஸ்ஸில் தொங்கிப் பழகியவனுக்கு இந்த சூட்சுமமெல்லாம் எப்படித் தெரியும்?

இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டதால் திரும்பி நடந்தேன். தோலுரித்த வாத்துகள் தலைகீழாகத் தொங்கும் ஓட்டலுக்கும் காய்கறிக் கடைக்கும் நடுவே ஒடுக்கமான கடை ஒன்று. அதன் கண்ணாடி ஜன்னலில் கட்டை விரல் உயரத்துக்குச் சின்னச் சின்னச் சீசாக்கள், நூறாவது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூடி, மூடியோடு ஒட்டிய குட்டிக் கரண்டி. கீழே ஆங்கிலத்தில் அட்டை: மூக்குப்பொடிச் சீசாக்கள். என் கால்கள் என்னைக் கேட்காமலே உள்ளே போய்விட்டன.

கல்லாவில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் சீன அம்மாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பொடி வேண்டும் என்றேன். அவர் ஒரு சீசாவை எடுத்து நீட்டினார். சீசா இல்லை, பொடி, என்று மூக்கில் வைத்து இழுத்துக் காட்டினேன். சீசா மட்டும்தான், பொடி கிடையாது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

"முருகா! இத்தனை சீசாவுல ஒரு சிட்டிகை இல்லையா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"முருகனே வந்து கேட்டாலும் இல்ல சார்," என்றார் அந்த அம்மாள், சுத்தமான திருச்சித் தமிழில். "வெறும் சீசாதான்."

அவர் பெயர் லில்லி வூ. பிறந்தது திருச்சியில். அப்பா பெரிய கடை வீதியில் பல் டாக்டர். நம் ஊர்களில் செட்டுப் பல் பொம்மையை வாசலில் வைத்துக்கொண்டு சீன பல் டாக்டர்கள் இருப்பார்களே, அவர்களில் ஒருவர். அப்பா காலமான இரண்டு வருஷத்தில் லில்லி அக்கா இங்கே வந்துவிட்டார்.

மத்தியானம் ஆகிவிட்டதால் என்னைச் சாப்பிட உட்கார வைத்தார். உப்பில் ஊறிய சீனக் கீரையும் வறுத்த கோழியும் குச்சியால் சாப்பிட்டார். தயிர்சாதத்தை மட்டும் கையால் பிசைந்தார்.

"இதுக்குக் குச்சி சரிப்படாது சார். வழியறதுல பாதி ருசி."

சாப்பிட்டுக்கொண்டே சீசாக்களின் கதையைச் சொன்னார். ஐரோப்பியப் பாதிரிமார்கள் பீக்கிங் அரசவைக்குக் காணிக்கையாகப் பொடி கொண்டுபோயிருக்கிறார்கள். காங்சி என்ற பேரரசருக்கு அது பிடித்துப் போய்விட்டது. பிடிக்காமல் என்ன செய்யும்! சளிக்கு நல்லது, தலைவலிக்கு நல்லது என்று வைத்தியர்களும் தலையாட்டினார்கள். அரண்மனைச் செலவிலேயே கண்ணாடிப் பட்டறை போட்டார். அதைத் தொடங்கி வைத்தவரும் ஒரு பாதிரியார்தானாம். ஈரம் புகாமல், பட்டுச் சட்டையின் கைக்குள் அடங்குகிற அளவில் சீசாக்கள் அங்கே பிறந்தன. பேரரசர் மனம் குளிர்ந்தால் அதிகாரிக்குப் பரிசு ஒரு சீசா. பேரன் சியன்லோங் காலத்தில் வேலைப்பாடு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. பிறகு மெல்ல அரண்மனைச் சுவரைத் தாண்டி, வியாபாரி, குமாஸ்தா, வண்டிக்காரன் வரைக்கும் சீசா வந்துவிட்டது.

ஒன்றை என் கையில் வைத்தார். பால்வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்புத் தாமரைகள் புடைத்து நின்றன. ஒட்டியதோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒட்டு இல்லை. முதலில் வெள்ளைக் கண்ணாடியைக் குமிழாக ஊதி, உருகிய சிவப்புக் கண்ணாடியில் முக்கி எடுப்பார்களாம். ஆறிய பிறகு சுழலும் சின்னச் சக்கரத்தில், அரைக்கும் கல்தூளும் தண்ணீரும் வைத்து, வேண்டாத சிவப்பைத் தேய்த்தே தள்ளுவார்களாம். உளி வைத்தால் தெறித்துவிடும். பூ, பறவை, இலை நரம்பு எல்லாம் பொறுமையாகத் தேய்த்தே வந்தவை. மெக்கானிக் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

"அப்பாகிட்டயும் ஒண்ணு இருந்துச்சு," என்றார். "செவப்புக் கொக்கு போட்டது. ராஜா எங்க பாட்டனாருக்குப் பாட்டனாருக்குக் குடுத்ததாம். அடியில ராஜா முத்திரை இருக்குன்னு சொல்லுவாரு. நான் கான்வென்ட்ல படிச்சவ, சீன எழுத்து எனக்கு எங்க தெரியும்? எல்லாரும் ராஜா சீசாவப் பூட்டி வைப்பாங்க. இவரு பெரிய கடை வீதிப் பொடிய அடைச்சு, தினம் சட்டப் பையில போட்டுக்குவாரு."

வெள்ளிக்கிழமை நகரத்து அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் அதைப் பார்க்க வருகிறாராம். பொடிச் சீசாக்களுக்காக ஒரு கண்காட்சி வைக்கப் போகிறார்கள். சீசாவை ஏற்றுக்கொண்டால் பக்கத்தில் ஓர் அட்டையில் அப்பா பெயரை எழுதி வைப்பார்கள்.

"அறுபத்திரண்டுல சைனாவோட சண்ட வந்துச்சுல்ல, அப்ப அப்பா போர்டுல தாரு பூசிட்டாங்க சார். வாரா வாரம் ஸ்டேஷன்ல போயி கையெழுத்து. கையெழுத்து வாங்குன ஏட்டுக்கே பல்லுவலி வந்து அப்பாதான் புடுங்குனாரு, அது வேற கத. ஆனா பேர அழிச்சது அழிச்சதுதான். மறுபடி எழுதவே இல்ல. எங்கயாச்சும் ஒரு எடத்துல அப்பா பேர எழுதி நான் பாக்கணும்." சொல்லும்போது அவர் கை தயிர்சாதத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு அவர் சொன்னதுதான் என் நிம்மதியைக் கெடுத்தது. அப்பா இறந்த காலையில் நிரப்பிய பொடி பாதிக்குமேல் இன்னும் அதற்குள் இருக்கிறதாம். இருபத்தோரு வருஷமாகத் திறக்கவே இல்லை.

"நீங்களும் வாங்க சார். பொடி போடற ஆளு பக்கத்துல இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

வியாழக்கிழமை முழுக்க டைப்ரைட்டர்களோடு கழிந்தது. மூன்றாவது இயந்திரம் ஏதோ கோர்ட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தது. 'வாதி', 'பிரதிவாதி' என்று அடித்து அடித்து விசையில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. விசைகளின் தேய்மானத்தைப் பார்த்தே அது எங்கே உழைத்தது என்று சொல்லிவிடுவேன். சிவராசாவுக்கு அதில் ஒரே ஆச்சரியம்.

"ஊரிலை எங்கட காணி வழக்கு பதினொரு வருசம் போனது, அண்ணை. உந்த மிசினைக் கண்டா எனக்குக் கோவம் வருது," என்றார்.

கை வேலையில் இருந்தாலும் என் புத்தி அந்தச் சீசாவுக்குள் இருந்த பொடியையே சுற்றியது. ஒரு மனுஷர் கடைசியாகத் தொட்ட பொடி. அதற்கு நாக்கைத் தொங்கப் போடுகிறாயே, சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் அது போகவில்லை.

வெள்ளிக்கிழமை டிராமில் படியில் காலை வைத்து, சரியான இடத்தில் கம்பீரமாக இறங்கினேன். கடையில் லில்லி அக்கா நல்ல சட்டை போட்டு, நெற்றியில் துளி விபூதியும் வைத்திருந்தார். அருங்காட்சியகத்து அம்மாள் வந்தார். மார்கரெட் என்று பெயர். உயரம், கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் பஞ்சு அடைத்த பெட்டி.

சீசா மேஜைக்கு வந்தது. வெள்ளை மேல் சிவப்புக் கொக்கு ஒற்றைக் காலில் நின்றது. மார்கரெட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கவிழ்த்து முத்திரையைப் பார்த்தார். லில்லி அக்கா மூச்சுக்கூட விடவில்லை.

"முத்திரை சியன்லோங் பேரரசருடையதுதான்," என்றார் கடைசியில். லில்லி அக்கா என் கையைப் பிடித்து அமுக்கினார். "ஆனால் அவர் காலத்துக்குப் பிறகும் பட்டறைக்காரர்கள் அந்த முத்திரையைத் தாராளமாகப் போட்டார்கள். கொக்கின் கால் தடிமன், வெள்ளைப் பரப்பில் சக்கரம் ஓடிய கோடு தெரிகிறது. இது அரண்மனை வேலை அல்ல. ஊருக்குள் எங்கோ செய்தது, நூறு வயதுகூட இருக்காது. மன்னிக்கவும்."

திருநெல்வேலியில் எல்லா அல்வாக் கடையிலும் 'ஒரிஜினல்' என்று போட்டிருக்குமே, அந்தக் கதைதான். லில்லி அக்கா மேஜையில் இல்லாத தூசியைத் துடைத்தார். பார்க்கவே பொறுக்கவில்லை.

உட்புறச் சுவர் எவ்வளவு கனம் என்று குறித்துக்கொள்ள வேண்டும், திறக்கலாமா என்று மார்கரெட் கேட்டார். எப்படியும் ஆகட்டும் என்பது போல லில்லி அக்கா மூடியைத் திருகி இழுத்தார். இருபத்தோரு வருஷத்து மூடி மெல்லிய சத்தத்தோடு வந்தது. திறந்த சீசாவையும் கரண்டியையும் மார்கரெட்டிடம் நீட்டினார். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

பொடி போடுகிறவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு. நாமாகக் கேட்கக்கூடாது. ஆனால் ஒருவர் திறந்த டப்பாவை நம் முன்னால் நீட்டிவிட்டால், எடுக்காமல் விடுவது அவரை அவமதிப்பது. ஜென்ம விரோதியாக இருந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்தே தீர வேண்டும். முப்பது வருஷப் பழக்கம். கை போனது எனக்குத் தெரியாது. கரண்டியால் அள்ளி, பெருவிரல் நகத்தில் தட்டி, இழுத்தும் விட்டேன்.

"ஐயோ! என்ன சார் பண்ணிட்டீங்க!" என்றார் லில்லி அக்கா.

மார்கரெட் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். செத்த மனுஷருடைய பொடி, அவர் பெண்ணின் கண்ணெதிரே. பூமி பிளந்திருந்தால் பைத்தியக்காரன் போல உள்ளே குதித்திருப்பேன்.

"நெய்ப்பொடி, அக்கா," என்றேன், வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல். "காரம் போயிடுச்சு. வாசனை அப்படியே இருக்கு."

திட்ட வாயைத் திறந்த லில்லி அக்கா நிறுத்தினார். திறந்த சீசாவிலிருந்து புகையிலையும் நெய்யும் சுண்ணாம்பும் கலந்த அந்த வாசனை மெல்ல மேஜைமேல் பரவிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டார். "அப்பா சட்டை," என்றார்.

என் குற்றத்துக்குப் பரிகாரமாக எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். லில்லி அக்கா ஆங்கிலமாக்கினார். இது எங்கள் ஊரில் நெய் விட்டுப் பிசைந்த பொடி. கொக்கின் இடது சிறகைப் பாருங்கள், மொழுக்கென்று இருக்கிறது. வலது கைப் பெருவிரல் தினம் அழுத்திய இடம். கழுத்தின் உள்ளே கரண்டி உரசிய கோடுகள் எல்லாம் ஒரே சாய்வு. ஒரே கை, பல வருஷம்.

மார்கரெட் மறுபடி உட்கார்ந்தார். பூதக்கண்ணாடியால் சிறகைப் பார்த்தார், கழுத்துக்குள் பார்த்தார், கடகடவென்று எழுதிக்கொண்டார்.

"எங்களிடம் அரண்மனைச் சீசாக்கள் இருக்கின்றன," என்றார். "எல்லாம் துடைத்து வைத்தவை. யார் கை பட்டது என்று ஒன்றைப் பற்றியும் தெரியாது. பேரரசரில் தொடங்கும் அந்த வரிசையைக் கடைசியாக யாருடைய சட்டைப் பையில் கொண்டுபோய் முடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவின் சீசாவை அங்கே வைக்கிறேன். அவர் பெயரோடு."

லில்லி அக்கா முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான். அதற்குள் அந்த அம்மாள் தொண்டையைக் கனைத்தார். ஒரு நிபந்தனை. புகையிலையில் பூச்சி வரும், கண்ணாடிப் பேழைக்குள் அனுமதிக்க முடியாது. சீசாவைக் காலி செய்து தர வேண்டும்.

"கொட்டவா?" என்று லில்லி அக்கா என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "பேரும் வேணும், இதுவும் வேணும் சார். கொட்ட எனக்கு மனசு வரல."

ஒரு தடவை வாயும் கையும் சும்மா இருக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போயிற்று. மார்கரெட் பஞ்சுப் பெட்டியை மூடலாமா என்பது போல அதன் மூடியில் கை வைத்தார்.

"இன்னும் எத்தன சிட்டிக இருக்கும்?" என்றார் லில்லி அக்கா.

"பத்துப் பன்னெண்டு இருக்கும்."

"அப்பா என்னைத் தொடவே விட மாட்டாரு. எப்படிப் போடறது, காட்டுங்க. குப்பையில கொட்டறதுக்கு மூக்குலயே போட்டுடலாம்."

கடைக் கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பி வைத்தார். நகத்தில் எப்படி வைப்பது, எந்த அளவுக்கு இழுப்பது என்று காட்டினேன். அவர் இழுத்தார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு அலமாரியில் இருந்த சீசாக்களெல்லாம் கலகலக்கத் தும்மினார். கண்ணில் தாரை தாரையாக நீர். சிரித்தார், அழுதார், இன்னொன்று என்று நகத்தை நீட்டினார். நடுவே, திறந்த சீசா நீட்டப்பட்டால் மறுக்கக்கூடாது என்ற விதியை மார்கரெட்டுக்கு அவரே எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் கடமை தவறாதவர். பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டார். அவருடைய தும்மல் அவரைப் போலவே உயரமாக இருந்தது.

நானும் லில்லி அக்காவுமாகச் சீசாவைத் தட்டித் தட்டி, ஒரு துகள் மிச்சமில்லாமல் முடித்தோம். அதைத் துடைத்து, பஞ்சில் படுக்க வைத்த பிறகு, மார்கரெட் மூக்கைச் சிந்திவிட்டுப் பேனாவை எடுத்தார். அட்டைக்கு விவரம் வேண்டும். பெயர், வூ, பல் மருத்துவர். ஊர்? பீக்கிங் என்று போட்டுவிடலாமா என்று கேட்டார்.

"பீக்கிங்க யாரு பாத்தா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், திருச்சிராப்பள்ளி, என்றார் லில்லி அக்கா. நீளமாக இருக்கிறதே, சுருக்கி எழுதலாமா என்றதற்குக் கூடாது என்று தலையாட்டினார். ஒவ்வொரு எழுத்தாக அவரே சொல்ல, மார்கரெட் எழுதினார். ஆங்கிலத்தில் மொத்தம் பதினைந்து எழுத்து, நடுவில் நான்கு தும்மல்.